பந்திப் பேய்க்குக் குரல் கொடுத்தவன்

1

இந்தக் கதை என் நெஞ்சுச் சளியில் பிறந்தது. பிற எழுத்தாளர்களுக்குக் கதை பசியில் பிறக்கிறது, காதல் தோல்வியில் பிறக்கிறது, ஒன்றுமில்லாவிட்டால் ரயில் பயணத்திலாவது பிறக்கிறது. எனக்கு வாய்த்தது சளி. 2009 ஆடி மாதம், புதுச்சேரியில் புழுதிக் காற்று அடித்த வாரம், தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் தகர டப்பாவைத் தரையில் இழுக்கிற சத்தம் வந்தது. என் நண்பன் கலைவாணன் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

“யோவ், மாத்திர கீத்திர போட்டுடாத. பேய்க்கு உன் கொரல்தான்.”

கலைவாணன் முத்தியால்பேட்டையில் வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து எல்லாம் எடுப்பான். நான் எழுத்தாளன். அப்படித்தான் நான் சொல்லிக்கொள்கிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா என்பதை மற்றவர்கள் சொல்வார்கள். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. இரண்டாவது தொகுப்பின் கட்டு இன்னும் கலைவாணனின் பரணில்தான் இருக்கிறது. கேமரா ஸ்டாண்டுக்கு உயரம் போதாதபோது அவன் என் படைப்புகளை எடுத்துப் பயன்படுத்துகிறான்.

2

சளியோடு தொடங்க வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வேறு தொடக்கங்களும் எழுதினேன். மறைக்க மனமில்லை, பாருங்கள்.

‘அன்று கடல் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. ஏதோ நடக்கப்போகிறது என்று—’

(அடித்துவிட்டேன். அன்று நான் கடல் பக்கம் போகவே இல்லை. சங்கத்தில் வட்டிக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன்.)

‘பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற மஞ்சள் சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் விசும்பல்—’

(இதையும். புதுச்சேரி என்று எழுதினாலே எங்கிருந்தோ ஒரு மஞ்சள் சுவர் வந்து நின்றுகொள்கிறது. கலைவாணனின் ஸ்டூடியோச் சுவர் பச்சை. அதுவும் பாதிவரைதான்.)

‘இது உண்மைக் கதை.’

(இந்த ஒரு வரியை மட்டும் அடிக்க மூன்று நாள் யோசித்தேன். ஏன் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன். அது கொஞ்சம் கட்டுரை போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கதை எழுத வராதவன் கட்டுரைக்குள் ஒளிந்துகொள்வான் என்று ஒரு விமர்சகர் என்னைச் சொன்னார். நியாயமாகத்தான் சொன்னார்.)

3

ஒரு வகைப் பேய்ப்படம் உண்டு. சிலர் கேமராவோடு ஓர் இடத்துக்குப் போனார்கள். திரும்பி வரவில்லை. கேமரா மட்டும் கிடைத்தது. அதில் பதிவாகியிருந்ததைத்தான் இப்போது பார்க்கப்போகிறீர்கள். சூத்திரம் இவ்வளவுதான். படம் ஆடும், மங்கும், பாதி முகம் வெட்டுப்படும். மற்ற படங்களில் இதெல்லாம் குற்றம். இந்தப் படங்களில் இதெல்லாம் சாட்சி. இதற்குத் தமிழில் ‘கண்டெடுத்த நாடாப் படம்’ என்று நான் பெயர் வைத்தேன். ஓர் இலக்கியக் கூட்டத்தில் அறிவிக்கவும் செய்தேன். “நாடான்னா, பாவாட நாடாவா சார்?” என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வருடங்களில் பாரதி பூங்காவுக்குப் போவதை விட்டுவிட்டு வாடகை டிவிடியில் இவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் ஒன்று எடுக்க வேண்டும் என்ற வெறி பிடித்தது. எந்த வகையில் எடுப்பது?

காட்டில் வழி தவறுகிறவர்களின் படம் ஒரு வகை. புதுச்சேரியில் வழி தவறவே முடியாது. எந்தப் பக்கம் ஓடினாலும் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். கோரிமேட்டில் எல்லையைத் தாண்டி ஒருவன் தலைதெறிக்க ஓடிவந்தால் பேய் துரத்துகிறது என்று அந்தப் பக்கம் யாரும் நினைக்கமாட்டார்கள். இடுப்பில் பாட்டில் இருக்கிறதா என்றுதான் தடவிப் பார்ப்பார்கள். படுக்கையறையில் கேமராவை நிறுத்திவிட்டுத் தூங்குகிற வகை ஒன்று இருக்கிறது. போர்வை தானாக இழுபடும், நாம் நடுங்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரே காற்றாடியின் கீழ் ஐந்து பேர் படுக்கிறோம். போர்வை இழுபடாவிட்டால்தான் எழுந்து பார்ப்போம். செய்தி எடுக்கப்போய்க் கட்டடத்துக்குள் மாட்டிக்கொள்கிறவர்கள், பேயோட்டுவதைப் படம்பிடிக்கப்போய்த் தாங்களே ஆடுகிறவர்கள் என்று இன்னும் சில கிளைகள். பிறகு, ராட்சத மிருகம் நகரத்தை மிதிக்கும்போது கையில் கேமராவோடு ஓடுகிற வகை. கடலிலிருந்து அப்படி ஒன்று எழுந்து வந்தால் எங்கள் ஊர்க்காரர்கள்—

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. கடலிலிருந்து வந்ததை இந்த ஊர் பார்த்துவிட்டது.)

இந்தப் படங்களைப் பற்றி எல்லாரும் கேட்கிற கேள்வி: உயிருக்கு ஓடுகிறவன் ஏன் கேமராவைக் கீழே போடுவதில்லை? பெரிய பெரிய ஆட்கள் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதியிருக்கிறார்கள். கலைவாணனிடம் கேட்டேன்.

“கீழ போட்டா யாரு வாங்கித் தருவா, அவன் அப்பனா? பேய் புடிச்சா மந்திரிச்சிக்கலாம்யா. கேமராவுக்கு எந்த தர்காவுல மந்திரிப்ப?”

சரி, எனக்கு ஏன் இவை பிடிக்கின்றன? சாதாரணப் பேய்ப்படத்தில் செத்தவர் ‘கட்’ சொன்னதும் எழுந்து டீ குடிப்பார் என்று தெரியும். இந்தப் படம் மட்டும், எடுத்தவர்கள் இப்போது இல்லை, அவர்கள் மூச்சிரைப்பு மட்டும்தான் இருக்கிறது என்கிறது. பொய்தான். ஆனாலும் அந்தப் பொய்யை நம்பி, நாம் படத்தின் நடுவைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஓரங்களைப் பார்க்கத் தொடங்குகிறோம். கதவு இடுக்கு, தூண் மறைவு, யாரோ நகர்ந்துபோன இடம். ஓரத்தைப் பார்க்கவைக்கிற சினிமா இது ஒன்றுதான்.

யோசித்தால், ஒவ்வொரு கல்யாண வீடியோவும் இப்படிப்பட்ட படம்தான். பத்து வருடம் கழித்துப் போட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டு மொய்க் கவரை நீட்டுகிறவர்களில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். (இந்தத் தத்துவத்தை ஒரு கல்யாணப் பந்தியிலேயே உட்கார்ந்து சொன்னேன். எனக்குப் பாயசம் வராமலே போய்விட்டது.)

4

ஒரு பந்தியில்தான் பேயும் கிடைத்தது. நான் பேசிய பந்தியில் இல்லை, வேறொன்றில்.

முந்தைய வருடம் வைகாசியில் கலைவாணன் ஒரு சொல்தா வீட்டுக் கல்யாணத்தை எடுத்திருந்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பேரப்பிள்ளைகள் வரைக்கும் அது வீட்டின் பட்டம். சொல்தா வீட்டுக் கல்யாணத்தில் பந்தியை இலை இலையாக எடுக்க வேண்டும். யார் சாப்பிட்டார்கள், யார் வந்தும் கை நனைக்காமல் போனார்கள் என்று பாரீசில் இருக்கிற சொந்தங்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆனால் சத்தம் யாருக்கும் வேண்டாம். அசல் சத்தத்தை அணைத்துவிட்டு மேலே சினிமாப் பாட்டைப் போடுவதுதான் தொழில் வழக்கம். கலைவாணன் தான் எடுத்த எந்தக் கல்யாணத்தின் சத்தத்தையும் ஒருநாளும் கேட்டதில்லை. கை தானாகப் போய் ஒலியை அணைத்துவிடும்.

ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது. சும்மா இருந்த கலைவாணன் பழைய டேப்பை ஓட்டிக் காட்டினான்.

“இந்த ஆள பாரு. ஒவ்வொரு பந்தியிலயும் இருக்கான். ஒரு பந்தியிலயும் இல்ல.”

சாம்பார் வாளியோடு ஒருவன். கேமரா கிட்டே வந்தால் திரும்பிக்கொள்கிறான். தூணுக்குப் பின்னால் போகிறான். அப்பளக்காரனுக்குப் பின்னால் குனிகிறான். முழங்கையும் வாளியும் மட்டும் மிச்சமிருக்கும். கடைசிப் பந்தியில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் பக்கவாட்டில் முகம் தெரிகிறது, வாய் அசைகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தயாராக ஒரு பேய், சம்பளம் இல்லாமல்!

ஒரு வாரத்தில் படம் எடுத்துவிட்டோம். பெயர் ‘கடைசிப் பந்தி’. தன் கல்யாண வீடியோவைப் பார்க்கிற மாப்பிள்ளை, செத்துப்போனவன் ஒருவன் பந்தி பரிமாறுவதைக் கண்டுபிடிக்கிறான். கதை அவ்வளவுதான். கலைவாணனின் விளக்குகள் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்ததால் எல்லாப் பயங்கரமும் பட்டப்பகலில் நடந்தது. வாளிக்காரன் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டோம். வாய் அசையும் இடத்தில் படத்தை மெதுவாக ஓட்டி, நான் என் சளித்தொண்டையால் மைக்கில் உறுமினேன். வழக்கம்போல அடியில் இருந்த சத்தத்தை யாரும் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் கணினியில் இடம் போதாதென்று மூலத் துண்டுகளை அழித்துவிட்டோம்.

ஆவணி முதல் ஞாயிறு மத்தியானம் உள்ளூர் கேபிளில் படம் ஓடியது. கேபிள்காரருக்கு ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அது என்ன மிருகத்தின் சத்தம் என்று கேட்டார்களாம்.

5

இனி பாக்கியலட்சுமி வர வேண்டும். அவள் வருகையை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘தலைவிரி கோலமாக, கண்கள் சிவந்து—’ (இது பேய், பெண் அல்ல.)

‘ஒன்றும் பேசாமல் வாசலில் நின்றாள். அந்த மௌனத்தில் ஆயிரம் கேள்விகள்—’ (ஆயிரம் கேள்விகள் கொண்ட மௌனத்தை என் முதல் தொகுப்பிலேயே நான்கு இடத்தில் செலவழித்துவிட்டேன்.)

மூன்றாவது: காலாப்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, இடுப்பில் மூன்று வயதுப் பெண்குழந்தையோடு உள்ளே வந்தாள். குழந்தைக்குக் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். வாங்கிக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தான் குடித்தாள். பிறகுதான் பேசினாள். இப்படியே விட்டுவிடுகிறேன்.

“அண்ணா, கேபிள்ல பேய்ப்படம் போட்டது நீங்கதானா?”

கலைவாணன் உடனே என்னைக் கைகாட்டினான். “கத இவருது.” ஆபத்து வந்தால் மட்டும் என்னை எழுத்தாளன் என்று ஒப்புக்கொள்வான்.

“அதுல செவப்பு வட்டம் போட்டு ஒருத்தர காட்டுனீங்களே. அது எங்க வூட்டுக்காரரு.”

அவர் பெயர் அம்மாவாசை. (அடிக்குறிப்பு: பேய்க்கதையில் வருகிற ஆளுக்கு அம்மாவாசை என்று பெயர் வைக்கிற அளவுக்கு நான் கேவலமாகப் போகவில்லை. அவர் பெயரே அதுதான். மாற்றலாமா என்று அவளிடம் பிறகு கேட்டேன். “எதுக்கு மாத்தணும்?” என்றாள்.) மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை பார்க்கும் விசைப்படகு கரையில் நிற்பதால் கல்யாண மண்டபங்களுக்குப் பந்தி பரிமாறப் போவார். காலாப்பட்டுப் பக்கம் நிறைய பேர் அப்படிப் போவதுண்டு. தடைக்காலமும் முகூர்த்தக் காலமும் ஒன்றாக வருகின்றன. அந்த வைகாசியில் பரிமாறிவிட்டு, அந்த ஐப்பசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி மோதி இறந்துபோனார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன், உண்மையைச் சொல்வதற்கென்ன. வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன். அப்போது இடுப்பிலிருந்த குழந்தை தலையைச் சாய்த்துக்கொண்டு, “ர்ர்ர்ர்ங்” என்று உறுமியது.

“பாத்தீங்களா? இதான் இப்ப பாப்பா வேல,” என்றாள் பாக்கியலட்சுமி. “நாந்தான் கூறுகெட்டவ. டிவில அவரு மொகத்த பாத்ததும் தலகாலு புரியாம ‘அதோ உங்கப்பா, அதோ உங்கப்பா’ன்னு காட்டிட்டேன். மொகமும் அந்தச் சத்தமும் ஒண்ணா வந்துச்சா, இது அப்டியே புடிச்சிக்கிச்சு. ‘எங்கப்பா இப்டித்தான் பேசும்’னு தெருவெல்லாம் உறுமுது. புள்ளைங்கள்லாம் சிரிக்குதுங்க.”

“மன்னிச்சிக்கம்மா,” என்றேன்.

“நான் சண்டைக்கு வரல. அவரு செத்தப்ப இதுக்கு ரெண்டு வயசுதான். கொரலு ஞாபகமில்ல. போட்டோ இருக்கு, கொரலு எங்கயும் இல்ல. உங்க படத்துல அவரு வாய் அசையுது. என்னமோ பேசறாரு. மேல போட்ட உறுமல எடுத்துட்டு அவரு பேசறத மட்டும் குடுங்கண்ணா. இதுக்கு அந்தச் சத்தம் மனசுல ஊறிப்போறதுக்குள்ள.”

இந்தக் கதையில் பணயம் என்று ஏதாவது உண்டென்றால் அது இதுதான். ஒரு குழந்தைக்கு அப்பாவின் குரல் வேண்டும். இப்போதைக்கு அந்த இடத்தில் என் சளி உட்கார்ந்திருக்கிறது.

கலைவாணன் தொண்டையைச் செருமினான். “டேப்பு தேடணும்மா. வியாழக்கெழம வாங்க.”

6

டேப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கே இருக்கிறது என்று கலைவாணனுக்குத் தெரியும். சாக்குப்பையில், மேலாகவே கிடந்தது. மேலாகக் கிடந்ததுதான் வினை. ஆவணி பிறந்ததும் ஒரே நாளில் இரண்டு விசேஷம் சிக்கியதில் டேப்பு பற்றாமல் போயிருக்கிறது. கைக்கு முதலில் வந்ததை எடுத்துக்கொண்டுபோய், லாஸ்பேட்டையில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவை அதன்மேலேயே எடுத்துவிட்டான்.

“முழுசுமா?”

“ஃபங்சன் முழுசும். ஒரு மணி நேர ஃபங்சன், ஒரு மணி நேர டேப்பு.” தலையில் அடித்துக்கொண்டான். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினான். “ஒண்ணு பண்ணு. நீயே பேசிடு.”

“என்ன பேச?”

“படத்துல வாய் அசையுதில்ல? அதுக்கு ஏத்த மாதிரி நாலு வார்த்த. உறுமுனவனுக்குப் பேசத் தெரியாதா? சின்னக் கொழந்த, அதுக்கு என்னா தெரியப்போவுது. அந்தம்மாவுக்குக் கொரலு வேறன்னு தெரிஞ்சாலும் புள்ளைக்காக ஒத்துக்கும்.”

நான் கோபப்பட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். படவில்லை. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். எத்தனை வருடமாக எழுதுகிறேன், ஒருவராவது என் வசனத்துக்காகக் காத்திருந்ததுண்டா? ஒரு செத்த மனிதரின் வாய்க்கு நான் எழுதியவை:

‘பாக்கியம், கடலும் நானும் வேறல்ல—’ (சாம்பார் வாளியோடு நிற்கிறவர் பேசுகிற பேச்சா இது?)

‘எங்கே இருந்தாலும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டி—’ (இதைச் சொன்னால் குழந்தை இன்னும் பயந்துவிடும்.)

‘சங்கவி, அப்பா சொல்றதக் கேளு, நல்லா படி.’ (கல்யாண வீட்டில், ரசம் வருகிற நேரத்தில்.)

குழந்தையின் பெயர் சங்கவி. அதை மட்டும் கேட்டு வைத்திருந்தேன். அவர் மனைவியை எப்படிக் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரியாது. பாக்கியமா, லட்சுமியா, ‘இந்தா’வா, ‘ஏ’வா? எழுந்து முகம் கழுவிக்கொண்டேன். ஒரு மனிதனின் வாயில் போட ஒரு சொல்கூட என்னிடம் இல்லை. இருபது வருட இலக்கியச் சேவை! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்குச் சொல்லக் கூடமும் இல்லை.

7

வியாழக்கிழமை காலையில் பாக்கியலட்சுமி வந்துவிட்டாள். கலைவாணன் என்னைப் பார்த்தான். வசனம் எழுத வரவில்லை என்று தலையாட்டினேன். அவன் டேப்பைப் பற்றிச் சொன்னான். அவள் முகம் விழுந்துவிட்டது. பிறகு கேட்டாள்.

“போட்டுப் பாத்தீங்களா?”

“எதுக்கும்மா? மேலயே எடுத்தாச்சு.”

“கடசி வரைக்கும் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. கடைசிவரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. “ஃபார்வேடு போட்டா பழைய டேப்பு சிக்கிக்கும், முழுசாத்தான் பாக்கணும்,” என்றான் கலைவாணன். “பாப்போம்,” என்றாள்.

முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளையின் மஞ்சள் நீராட்டு விழாவை, நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து, முதல்முறையாக அசல் சத்தத்தோடு பார்த்தோம். மாமன் சீர் வந்தது. தட்டுகளை எண்ணினார்கள். இரண்டு அத்தைகள் கேமராவுக்குப் பின்னால் மூன்றாவது அத்தையை வைதார்கள். “ஐயோ, இதெல்லாமா உள்ள இருக்கு,” என்று கலைவாணன் வாயைப் பொத்திக்கொண்டான். பாக்கியலட்சுமி ஆரத்தித் தட்டைப் பார்த்து, “வெத்தல வாடிப்போச்சு,” என்றாள். சங்கவி தூங்கி, விழித்து, பிஸ்கட் தின்றாள். என்னைப் பார்த்து ஒருதரம் உறுமினாள். இத்தனை பேய்ப்படம் பார்த்திருக்கிறேன், இவ்வளவு பதற்றத்தோடு எதையும் பார்த்ததில்லை. பெண்ணை நாற்காலியிலிருந்து எழுப்பினார்கள். யாரோ, “போதும்பா, நிறுத்து,” என்றார்கள். படம் அறுந்தது. நீலத்திரை வந்தது.

“அவ்ளோதாம்மா,” என்றான் கலைவாணன். எழுந்து அணைக்கப் போனான்.

நீலம் நடுங்கியது. கோடு கோடாகக் கிழிந்தது. அடியிலிருந்து பழைய கல்யாணம் மேலே வந்தது.

கடைசிப் பந்தி. கல்யாண மேளத்தின் இரைச்சல், எச்சில் இலை எடுக்கிற சத்தம். கேமரா இலை இலையாக நகர்கிறது. ஓரத்தில் அவர். திரும்புகிறார், தூண் பக்கம் போகிறார், இடமில்லாமல் மாட்டிக்கொள்கிறார். பக்கவாட்டில் முகம்.

இங்கே அவர் என்ன சொன்னார் என்று நான் எழுதிய முதல் வரைவைக் காட்டிவிடுகிறேன்: ‘எம் பொண்ணு பாத்தா சிரிக்கும்பா.’ எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது. இந்தக் கதைக்கு விருது நிச்சயம் என்றுகூடத் தோன்றியது. அடித்துவிட்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. சொன்னது இது:

“என்ன வுடுப்பா, சட்டயெல்லாம் சாம்பாரு. அந்தாண்ட புடி.”

மெல்லிய குரல். ஆண்குரல் என்பதற்குக் கொஞ்சம் கீச்சென்றுகூட இருந்தது. வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அவ்வளவுதான், டேப்பு முடிந்தது.

நாங்கள் மயிர்க்கூச்செறிந்து வட்டம் போட்டது சட்டையில் சாம்பார் கொட்டிக்கொண்ட மனிதருக்கு. நான் சிரித்துவிட்டேன். கலைவாணனும் சிரித்தான். பாக்கியலட்சுமியும் சிரித்தாள், சிரிப்பின் நடுவிலேயே அழுகை வந்துவிட்டது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “அவருதான். அவருதான். இன்னொரு வாட்டி போடுங்கண்ணா.” போட்டான். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் அவருக்கு முன்னால் அவளே சொன்னாள், “வுடுப்பா.”

பிறகு குழந்தையைத் தூக்கி டிவிக்கு நேராக நிறுத்தினாள். “கேளுடி. உங்கப்பா பேசறாரு கேளு.”

சங்கவி கேட்டாள். நன்றாக, தலையைச் சாய்த்து, முழுவதும் கேட்டாள்.

“இது எங்கப்பா இல்ல,” என்றாள்.

“இதான்டி உங்கப்பா.”

“இல்ல. எங்கப்பா இப்டி பேசாது. எங்கப்பா ர்ர்ர்ங்கும்.”

8

இந்தப் பகுதிக்கு முன்னேயே கதையை முடித்திருக்கலாம். அம்மாவாசையின் குரல் கிடைத்தாயிற்று. கலைவாணன் அதை ஒரு சிடியில் போட்டுக் கொடுத்துவிட்டான். வணக்கம் போட்டுவிட்டு நானும் போயிருப்பேன். பாக்கியலட்சுமிதான் விடவில்லை.

“எனக்கு அவரு கெடச்சிட்டாருண்ணா,” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இவளுக்கு?”

பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அந்த உறுமலு யாரு கொரலு?”

கலைவாணன் இந்தத் தடவை கைகாட்டவில்லை. நானே, “என்னுதும்மா,” என்றேன்.

“அப்டின்னா நீங்க ஒரு வாட்டி இவ எதிர்ல உறுமிக் காட்டுங்க. இது இந்த மாமா சத்தம், உங்கப்பா சத்தம் இல்லன்னு கண்ணால பாத்தா தெரிஞ்சிக்கும்.”

குழந்தையை என் நாற்காலிக்கு எதிரில் கொண்டுவந்து நிறுத்தினாள். சங்கவி என் வாயையே பார்த்தாள்.

நான் முடிவுகள் எழுதுவதில் மோசமானவன். இருந்தாலும் முயன்றேன். முதலில் எழுதியதில், நான் உறுமுகிறேன், குழந்தை கலகலவென்று சிரிக்கிறாள், “மாமாதான் பேய்!” என்கிறாள், சாம்பார் சட்டை அப்பாவோடு காலாப்பட்டுக்குப் பஸ் ஏறுகிறாள். கலைவாணனுக்குப் படித்துக் காட்டினேன். “சூப்பர்யா,” என்றான். அவன் சூப்பர் என்றதிலிருந்து எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. மூன்று வயதுக் குழந்தை சாட்சியைப் பார்த்தா தீர்ப்பு மாற்றும்?

இரண்டாவதில், உறுமி முடிக்கிறேன். சங்கவி கிட்டே வருகிறாள். என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்து, “அப்பா,” என்கிறாள். அதை எழுதிய தாளைத் திருப்பிப் போட்டுவிட்டேன். எந்தப் பேய்ப்படத்திலும் நான் இப்படி நடுங்கியதில்லை. அவள் அம்மா அதே அறையில் நிற்கிறாள். கையில் சிடி இருக்கிறது.

உறுமாமல் இருந்துவிடுவது என்று ஒன்றும் இருக்கிறது. “தொண்ட சரியில்லம்மா,” என்று தப்பித்துக்கொள்ளலாம். அப்போது அந்தக் குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் கம்பீரமாக உறுமுகிற அப்பா மிஞ்சுவார். கீச்சுக்குரலில் வெட்கப்பட்டவர் வெறும் டிவியில் தெரிந்த ஆளாகிவிடுவார். அவருக்கு நான் அதைச் செய்யலாமா? அந்தக் குழந்தையிடம் இருக்கிற ஒரே அப்பாவை நான் பிடுங்கலாமா? இரண்டுமே எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே அன்று அந்த அறையில் என்ன நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. கலைவாணன் ஒன்று சொல்கிறான், எனக்கு வேறு மாதிரி ஞாபகம். நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், உங்களுக்கும் யாராவது ஒருவரின் குரல் மறந்துபோயிருக்கும். எனக்குப் பதிலாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். பாக்கியலட்சுமி காத்திருக்கிறாள். குழந்தைக்கு இரண்டு அப்பாக்கள் இருக்கிறார்கள், ஒருவர்தான் அவளோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போக முடியும். யார் என்று நீங்கள் சொல்லுங்கள். சங்கவி உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.